ஏழு பெரிதா, மூன்று பெரிதா?

என் அக்கா வீடு தூத்துக்குடி திரேஸ்புரத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2024 மே மாதம், பிளஸ் டூ முடித்த கையோடு, அக்கா மகன் தன் உண்டியல் பணமும் அத்தான் போட்ட மீதியுமாக முப்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு 'கேமிங் பிசி' வாங்கினான். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நிறம் மாறும் விளக்குகள். முன்பக்கத்தில் 'ஐ7' என்று ஒட்டிய சின்ன வில்லை.

நாலு வீடு தள்ளி இருக்கும் அவனுடைய கூட்டாளி ஏறத்தாழ அதே தொகைக்கு வாங்கியது 'ஐ3'. அதில் விளக்கு கிடையாது, கண்ணாடியும் கிடையாது. இருவரும் ஜிடிஏ 5 என்ற ஒரே விளையாட்டைத்தான் ஏற்றினார்கள். மூன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. ஏழு, திருப்பத்தில் கார் வந்தாலே திக்கித் திணறி நின்றது.

"மாமா, ஏழுன்னா மூணவிடப் பெருசுதான? பெறகு ஏன் மாமா எனக்கு மட்டும் இப்படித் திக்குது?"

ஊருக்கு ஊர், கடைக்குக் கடை பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. பெரிய எண், நிறைய ஜிபி, அதிக விலை. இத்தனையும் இருந்தும் வேகம் ஏன் வரவில்லை? பதிலைப் புரிந்துகொண்டால், கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது என்பதும் தானாகவே தெளிந்துவிடும்.

நொடிக்கு அறுபது படம்

திரையில் கார் ஓடுவதுபோலத் தெரிகிறது. உண்மையில் அசையாத படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகின்றன. சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். ஆனால் சினிமாப் படங்கள் முன்கூட்டியே எடுத்து வைத்தவை, ஓட்டினால் போதும். விளையாட்டில் அடுத்த படம் எப்படி இருக்கும் என்பது நீங்கள் இந்தக் கணத்தில் எந்த விசையை அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் ஒவ்வொரு படத்தையும் அப்போதைக்கு அப்போது புதிதாக வரைந்தாக வேண்டும்.

நொடிக்கு 60 படங்கள் வந்தால் கண்ணுக்கு இதமாக இருக்கும். அப்படியானால் ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிநொடி. ஒரு மில்லிநொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நீங்கள் ஒருமுறை கண் இமைப்பதற்குள் ஆறு படங்களாவது வந்து போயிருக்கும்.

திரை என்பது நிறப்புள்ளிகளின் வயல். 'ஃபுல் எச்டி' என்று விற்கும் சாதாரணத் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள், மொத்தம் 20,73,600. நொடிக்கு 60 முறை இத்தனைக்கும் நிறம் தீர்மானிக்க வேண்டும் என்றால், நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள்.

இந்த வேலையை இருவர் பகிர்ந்து செய்கிறார்கள். முதலாமவர் புராசசர். கார் இப்போது எங்கே இருக்கிறது, சுவரில் இடித்ததா, எதிரே வருபவன் ஓடுவானா நிற்பானா என்று கணக்குப் போட்டு, "இன்னது இன்ன இடத்தில் இருக்கிறது" என்று பட்டியல் கொடுப்பவர் அவர். (நம்மூரில் பெட்டி முழுவதையுமே 'சிபியு' என்போம். உண்மையில் அந்தப் பெயர் உள்ளே இருக்கும் தீப்பெட்டி அகலச் சில்லுக்கு மட்டும் உரியது.) இரண்டாமவர் கிராபிக்ஸ் கார்டு. பட்டியலை வாங்கி இருபது லட்சம் புள்ளிகளுக்கும் நிறம் தீட்டுபவர். இந்தப் படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த படத்துக்கான பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கும். வேலை சங்கிலியாக நடக்கிறது.

சங்கிலி வேலை என்றதும் எனக்குத் தூத்துக்குடியின் பழைய துறைதான் நினைவுக்கு வரும்.

தோணி கொண்டுவரும் அளவு

தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 1974 ஜூலை 11-ல். அதற்கு முன் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வர முடியாது. இந்தக் கடற்கரையில் ஆழம் போதாது. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சரக்கைத் தோணியில் இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, மறுவருடம் 'கேலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களைக் கொண்டுவந்தபோதும் இந்தத் துறை இப்படித்தான் இருந்தது.

கேலியாவில் 4000 மூட்டை ஏறும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வைத்து ஒரு கணக்கு. மற்ற எண்கள் நானாக வைத்துக்கொள்பவை. கப்பலிலிருந்து தோணிக்கு மணிக்கு 400 மூட்டை இறக்கலாம். எல்லாத் தோணிகளும் சேர்ந்து மணிக்கு 200 மூட்டையைக் கரைசேர்க்கும். கரையில் மணிக்கு 500 மூட்டையை மாட்டுவண்டியில் ஏற்றலாம். 4000 மூட்டையும் ஊருக்குள் போக எத்தனை மணி நேரம்? இருபது.

கப்பலில் இன்னும் ஆள் போட்டு மணிக்கு 800 மூட்டை இறக்கினால்? அப்போதும் இருபது மணி நேரம்தான். கரையில் வண்டிகளை இரட்டிப்பாக்கினாலும் அதே இருபது. தோணியை இரட்டிப்பாக்கினால்தான் நேரம் பத்து மணியாகக் குறையும். அதற்குமேல் இன்னும் நூறு தோணி சேர்த்தாலும் பயனில்லை. இப்போது கப்பலில் இறக்கும் வேகம் குறுக்கே நிற்கும்.

ஒரு சங்கிலி வேலையில் மிக மெதுவான படியை இந்த அத்தியாயத்தில் 'இடுக்கு' என்று சொல்லப்போகிறேன். இடுக்கின் வேகம்தான் மொத்த வேலையின் வேகம். மற்ற எந்தப் படியில் பணம் போட்டாலும் அது கடலில் கொட்டியதுதான். இடுக்கு ஒரேயடியாக ஒழிவதும் இல்லை. ஓரிடத்தில் அகற்றினால் வேறிடத்துக்குப் போய் உட்காரும்.

கண்ணாடியைக் கழற்றியபோது

மருமகனின் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்தோம். புராசசரின் முழுப்பெயர் ஐ7-2600. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730, அதில் 4 ஜிபி நினைவகம்.

கணக்கை எளிமையாக்கித் தருகிறேன். அந்தப் புராசசர் ஒரு படத்துக்குப் பட்டியல் போட 12 மில்லிநொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கார்டு நிறம் தீட்ட 50 மில்லிநொடி எடுக்கிறது. இடுக்கு 50. ஆயிரத்தை 50-ஆல் வகுத்தால் நொடிக்கு 20 படம். திக்காமல் என்ன செய்யும்?

கடைக்காரர் அவனுக்குச் சொன்ன வழி, "இன்னும் நல்ல புராசசர் மாத்திரலாம்" என்பது. மாற்றிப் பார்ப்போம்: 12 மில்லிநொடி 6 ஆகிறது. இடுக்கு அப்போதும் 50. நொடிக்கு அதே 20 படம். பத்தாயிரம் ரூபாய் செலவு, ஒரு படம்கூடக் கூடவில்லை. மாறாக, 5 மில்லிநொடியில் நிறம் தீட்டும் கார்டைப் போட்டால்? இப்போது புராசசரின் 12 இடுக்காகிறது. நொடிக்கு 83 படம்.

கூட்டாளியின் பெட்டியில் புராசசருக்கு 7, கார்டுக்கு 15 மில்லிநொடி என்று கொள்ளுங்கள். நொடிக்கு ஏறக்குறைய 67 படம். இரண்டு பாகமும் ஒன்றுக்கொன்று ஏறக்குறையப் பொருந்துகின்றன. அதனால்தான் அது வழுக்கிக்கொண்டு ஓடியது.

எது இடுக்கு என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. விளையாட்டின் அமைப்புகளுக்குள் போய், திரையின் புள்ளி எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள். நாங்கள் 1920-க்கு 1080 என்பதை 1280-க்கு 720 ஆக்கினோம். புள்ளிகள் 20,73,600-லிருந்து 9,21,600 ஆகும், பாதிக்கும் கீழே. நிறம் தீட்டுபவருக்கு வேலை பாதிக்குமேல் குறைந்துவிட்டது. பட்டியல் போடுபவருக்கு எதுவும் மாறவில்லை. காரும் தெருவும் அதே காரும் தெருவும்தான். நொடிக்கு எத்தனை படம் என்று திரை மூலையில் தெரிந்த எண் 20-லிருந்து 40 பக்கம் ஏறியது. மருமகன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். படம் மங்கலாகிவிட்டது, ஆனால் கார் திருப்பத்தில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. புள்ளியைக் குறைத்ததும் வேகம் ஏறினால் இடுக்கு கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அப்படியே நின்றால் புராசசர். உங்களிடம் பழைய கணினி இருந்தால், புதிய பாகம் எதையும் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

எண் சொல்லாத சேதி

இப்போது அந்த ஏழுக்கு வருவோம். இன்டெல் நிறுவனம் 3, 5, 7 என்று வைப்பது ஒரே வருடத்தில் பிறந்தவர்களுக்குள் தரவரிசை. அண்ணன் தம்பிகளுக்குள் யார் உயரம் என்பதுபோல. வருடம் வேறானால் அந்த எண்ணை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. சின்னக் கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7-2600 இரண்டாம் தலைமுறை, 2011-ல் வந்தது. கூட்டாளியிடம் இருந்தது ஐ3-12100எஃப்; பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது. இரண்டிலும் நான்கு கருக்கள்தான். கரு என்றால் தனியாகக் கணக்குப் போடக்கூடிய ஒரு மூளை. ஆனால் பதினோரு வருட வளர்ச்சியில் ஒவ்வொரு கருவும் ஒரு துடிப்புக்குள் முடிக்கும் வேலை வெகுவாகக் கூடிவிட்டது. புதிய மூன்று பழைய ஏழைத் தாராளமாக முந்தும்.

அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகளிலிருந்து எடுத்த இத்தகைய ஐ7-களைப் புதுப் பெட்டிக்குள் வைத்து விளக்குப் போட்டு விற்பது நடக்கிறது. பழையது என்று சொல்லி, பழைய விலைக்கு விற்றால் அதில் தவறில்லை. தலைமுறையைச் சொல்லாமல் மறைத்து விற்பதுதான் தவறு. வாங்குவது பெரும்பாலும் பள்ளிப்பிள்ளைகள் என்பதால் பெரிய தவறு. விண்டோஸ் 11-ஐ இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான சில்லுகளில் மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

அந்த '4 ஜிபி கார்டு' என்பதும் இதே வகைதான். ஜிபி என்பது கிட்டங்கியின் கொள்ளளவு. கிட்டங்கி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாசல் ஒரு ஆள் நுழையும் அளவுதான் என்றால் சரக்கு வெளியே வராது. ஜிடி 730-ன் மலிவு வகையில் வாசல் வழியே நொடிக்கு 14.4 ஜிபி போகும். பின்னால் நாங்கள் வாங்கிய ஆர்எக்ஸ் 6600 கார்டில் 224 ஜிபி. கொள்ளளவு இரண்டே மடங்கு, வாசல் பதினைந்து மடங்கு. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் கொள்ளளவுதான் அச்சாகியிருக்கும். வாசலின் அகலம் தெரிய வேண்டுமானால் தேடித்தான் படிக்க வேண்டும்.

ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பெட்டி

கிறிஸ்துமஸுக்குள் புதிதாக ஒன்று கட்டுவது என்று முடிவானது. பழையதை வந்த விலைக்கு விற்றான். திரை, விசைப்பலகை, மவுஸ் ஏற்கெனவே இருந்தன. பெட்டிக்கு மட்டும் ஐம்பதாயிரம் ரூபாய்.

முதலில் நான் அவனிடம் கேட்டது பாகங்களைப் பற்றி அல்ல. "என்ன விளையாடப்போற? எந்தத் திரையில?" பதில்: ஜிடிஏ 5, வேலரண்ட், வருடத்துக்கு ஒன்றிரண்டு புது விளையாட்டு. திரை அதே ஃபுல் எச்டி. இதை எழுதாமல் கடைக்குப் போவது, சரக்கு எவ்வளவு என்று தெரியாமல் லாரி பிடிப்பது போன்றது. 4கே திரை என்றால் புள்ளிகள் நான்கு மடங்கு, 82,94,400. கார்டின் வேலையும் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அந்த ஆசைக்கு ஐம்பதாயிரம் காணாது. ஃபுல் எச்டியில் நிற்பவருக்குத் தாராளமாகக் காணும்.

விளையாட்டுக் கணினியில் இடுக்கு பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் என்பதால் பணத்தில் மிகப்பெரிய பங்கு அதற்குப் போக வேண்டும். ஐந்தில் இரண்டு பங்கு என்று நான் வைப்பது வழக்கம். அதாவது இருபதாயிரம். அந்த விலைக்கு அப்போது கிடைத்தது 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600. அடுத்து, அந்தக் கார்டைக் காக்க வைக்காத அளவுக்கு ஒரு புராசசர். பத்தாயிரத்துக்கு ஆறு கருக்கள் உள்ள ரைசன் 5 5600. எட்டுக் கரு வாங்கலாமா என்று மருமகன் இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தான். வாங்கலாம், ஆனால் அந்த அதிகப்படி ஆறேழாயிரத்தைக் கார்டிலிருந்து பிடுங்க வேண்டும். இடுக்கைக் குறுக்கி, குறுகாத இடத்தை அகலப்படுத்துவதா? வேண்டாம் என்று விட்டோம்.

மதர்போர்டு ஆறாயிரத்து ஐந்நூறு. புதிதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மதர்போர்டு வேகத்தைக் கூட்டாது. அது துறைமேடை, வருகிற கப்பல் கட்ட இடம் இருந்தால் போதும். பார்க்க வேண்டியது புராசசர் உட்காரும் குழி பொருந்துகிறதா என்பது. இந்தப் புராசசருக்கு ஏஎம்4 என்ற குழி. பி450 வகை போர்டுகள் 2018-ல் வந்தவை, இந்தப் புராசசரோ 2022-ல் வந்தது. பிறகு பிறந்த பிள்ளையைப் போர்டு அடையாளம் கண்டுகொள்ள, அதனுள் இருக்கும் பயாஸ் என்ற சிறு மென்பொருளைப் புதுப்பித்திருக்க வேண்டும். "பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுங்க" என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.

ராம் என்ற நினைவகம், 16 ஜிபி, அப்போது மூவாயிரம். ஒரே 16 ஜிபி பட்டையாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி பட்டைகளாக வாங்கினோம். இதற்குக் காரணம் மறுபடியும் வாசல்தான். ஒரு பட்டைக்கு ஒரு வழி, நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு பட்டைக்கு இரண்டு வழி, 51.2 ஜிபி. காசு ஏறக்குறைய ஒன்றுதான், பாதை இரட்டிப்பு. ராமுக்கு நான்கு குழிகள் உள்ள போர்டில் பொதுவாகப் புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். ஒன்றும் இரண்டுமாகச் செருகிவிட்டு ஒரே வழியில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

500 ஜிபி எஸ்எஸ்டி, மூவாயிரத்து இருநூறு. இது படங்களின் எண்ணிக்கையைக் கூட்டாது; விளையாட்டு திறக்கக் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு முள் தட்டின்மேல் நகர்ந்து போய்த் தகவலைத் தேட வேண்டும். எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் நாலாயிரம், கேபினட் மூவாயிரம். கூட்டினால் 49,700.

இந்த விலைகளை அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை இரண்டு மடங்குக்குமேல் ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டதுதான் காரணம். உலகில் அந்தச் சில்லுகளைப் பெருமளவில் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். அங்கே இடுக்கு விழுந்தால் திரேஸ்புரத்தில் விலை ஏறுகிறது. விலை மாறினாலும் யோசிக்கும் முறை மாறாது: விளையாட்டு, திரை, கார்டு, புராசசர், பிறகு மற்றவை.

கண்ணில் படாத ஐம்பது ஆம்பியர்

நாலாயிரம் ரூபாய் எஸ்எம்பிஎஸ்ஸைப் பார்த்து அத்தான் முகம் சுளித்தார். "கேபினட்டோட சேத்தே எஸ்எம்பிஎஸ் குடுக்காமில்லா, பெறகு இதுக்கு எதுக்குத் தனியா நாலாயிரம்?" நியாயமான கேள்வி. அது படத்தை வரைவதில்லை, கணக்கும் போடுவதில்லை.

அது செய்வது இதுதான். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக்கிக் கொடுக்கிறது. மதர்போர்டு அதை இன்னும் இறக்கி, புராசசருக்குச் சுமார் 1.2 வோல்ட்டில் ஊட்டுகிறது. 65 வாட் சக்தியை 1.2 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமானால் 54 ஆம்பியர் பாய வேண்டும். வீட்டில் ஏசிக்கும் ஹீட்டருக்கும் வைத்திருக்கும் பெரிய பிளக் தாங்குவதே 16 ஆம்பியர். அதைப்போல மூன்று மடங்குக்குமேல் மின்னோட்டம், நெற்றிப்பொட்டு அளவு சிலிக்கனுக்குள் போய்த் திரும்புகிறது. விளையாட்டில் வெடி வெடித்ததும் தேவை சட்டென ஏறும். மெனு வந்ததும் சட்டென இறங்கும். அப்போதெல்லாம் 12 வோல்ட் 12 வோல்ட்டாகவே நிற்க வேண்டும்.

எங்கள் பெட்டியில் கார்டுக்கு 132 வாட், புராசசர் உச்சத்திலும் 90-க்குள், மற்றவை எல்லாம் சேர்த்து ஐம்பது அறுபது. முந்நூறுக்குள் அடங்கும். 550 வாட் வாங்கினோம். பாதிச் சுமையில் ஓடும் எஸ்எம்பிஎஸ் சூடு குறைவாக, நீண்டகாலம் உழைக்கும். பெயரில்லாத இலவச எஸ்எம்பிஎஸ்ஸில் '500 வாட்' என்று அச்சடித்திருப்பது பலநேரம் வெறும் அச்சுதான். அது சாகும்போது தனியாகச் சாகாமல் மற்ற பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். இந்தப் பட்டியலில் வேகத்துக்காக அல்லாமல் நம்பிக்கைக்காக வாங்கும் ஒரே பொருள் இது. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உப்பும் வெக்கையும்

முத்துக்குளிப்பு தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் மூச்சடக்கி மூழ்கும் கலையைப் பற்றி இந்த ஊரில் சொல்லத் தெரியாதவர் கிடையாது. இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக இறங்குபவருக்கு மூச்சு இருக்கும் வரைதான் வேலை. முட்டினால் சிப்பி கண்முன் கிடந்தாலும் மேலே வந்தாக வேண்டும். புராசசருக்கும் கார்டுக்கும் சூடுதான் மூச்சு முட்டல். 90, 100 பாகை செல்சியஸ் அருகே போனதும் கருகிவிடாமல் இருக்கத் தங்கள் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் நன்றாக ஓடிய விளையாட்டு பிறகு திக்கத் தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வெளிநாட்டுக் காணொளியில் "கார்டு 65 பாகையில் ஓடுகிறது" என்பார்கள். அவர்கள் அறையின் வெப்பம் 22 பாகையாக இருந்தால், கார்டு அறையைவிட 43 பாகை கூடுதல் என்று பொருள். அந்த 43 தான் ஏறக்குறைய மாறாதது. மே மாதத் திரேஸ்புரத்தில் மாடி அறை 35 பாகை. அதோடு 43 சேர்த்தால் 78. அதே கார்டுதான், ஊர் வேறு. ஆகவே கேபினட் வாங்கும்போது கண்ணாடியையும் விளக்கையும் பார்க்காமல், முன்பக்கம் கம்பிவலையாகத் திறந்திருக்கிறதா, முன்னால் காற்றை இழுக்கவும் பின்னால் தள்ளவும் விசிறி இருக்கிறதா என்று பாருங்கள்.

உப்பு இதைவிட நுட்பமானது. பழைய ஐ7 பெட்டியைக் கழற்றியபோது திருகாணிகள் துருப்பிடித்துச் சிவந்திருந்தன. கார்டு செருகும் இடத்தின் ஓரத்தில் தாமிரம் பச்சைப் பொடியாகப் பூத்திருந்தது. விரலால் தடவினால் பிசுபிசுப்பு.

தூத்துக்குடி வீடுகளில் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் ஒரே இரவில் ஓரத்தில் நீர் கசியும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். கடற்காற்றோடு வந்து மதர்போர்டில் படியும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூளும் அதையே செய்கிறது. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. கரைந்த உப்பு நன்றாகக் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும்.

இங்கே ஓர் ஆறுதல் உண்டு. 28 பாகையில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, ஓடும் பெட்டிக்குள் போய் 38 பாகைக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 46 சதவீதமாக இறங்குகிறது. நீரின் அளவு அதேதான். சூடான காற்று கூடுதல் நீரைத் தாங்கும் என்பதால் சதவீதம் குறைகிறது. 75-க்கு வெகு கீழே என்பதால் உப்பு உலர்ந்தே கிடக்கும். அதாவது கடலோர ஊரில் தினமும் ஓடும் கணினியைவிட, பரீட்சைக்காக மூன்று மாதம் மூடி வைத்த கணினிதான் சீக்கிரம் அரிக்கும். விளையாடாவிட்டாலும் வாரம் இரண்டு முறை ஓர் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலடியில் வைக்காதீர்கள்.

தரையிலும் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தூத்துக்குடித் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றதையும் இங்கே யாரும் மறக்கவில்லை.

கருப்புத் திரை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம், கூடத்துத் தரையில் பழைய போர்வை விரித்து, ஆளுக்கொரு திருப்புளியுடன் உட்கார்ந்தோம். புராசசரின் ஒரு மூலையில் குட்டித் தங்க முக்கோணம் இருக்கும். போர்டின் குழியிலும் அதே முக்கோணம். இரண்டையும் சேர்த்து வைத்தால் தன் எடையிலேயே சொட்டென உட்காரும். அழுத்தவே கூடாது. அழுத்தினால் ஆயிரத்துக்குமேல் இருக்கும் முடி போன்ற கால்களில் ஒன்று வளைந்தாலும் பத்தாயிரம் போயிற்று. மருமகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தான்.

எல்லாம் மாட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினோம். விசிறிகள் சுழன்றன. திரை கருப்பு. அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

கோளாறு எதுவும் இல்லை. திரையின் கம்பியை மதர்போர்டின் துளையில் செருகியிருந்தான். இந்தப் புராசசருக்கு வரையத் தெரியாது. வரைவது கார்டு, கம்பியையும் கார்டின் துளையில்தான் செருக வேண்டும். மாற்றியதும் படம் வந்தது. முதல்முறை கட்டுபவர்களில் பலர் இந்தக் கருப்புத் திரையைப் பார்த்திருப்பார்கள். பதறி எதையும் கழற்றாதீர்கள். கம்பி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு வேலை பாக்கி இருந்தது. 3200 என்று அச்சிட்டு வாங்கிய ராம், முதல்முறை 2666 வேகத்தில்தான் விழித்தது. பயாஸுக்குள் போய் 'எக்ஸ்எம்பி' என்ற ஒற்றை அமைப்பை இயக்கிய பிறகுதான் காசு கொடுத்த வேகம் கிடைத்தது. இதைச் செய்யாமல் வருடக்கணக்காக ஓட்டுபவர்கள் உண்டு.

அன்று இரவு ஜிடிஏ 5 அதே திருப்பத்தில், அதே ஃபுல் எச்டி திரையில், நொடிக்கு 60-க்குக் கீழே இறங்கவே இல்லை. கூட்டாளியும் வந்து பார்த்தான். பெட்டியில் ஒரு விளக்குகூட இல்லை.

நீங்களோ உங்கள் பிள்ளையோ கடைக்குப் போகும்போது, யாராவது "ஐ7, 16 ஜிபி" என்று தொடங்கினால் இரண்டே கேள்வி கேளுங்கள்: "எத்தனையாவது தலைமுறை? எந்த கிராபிக்ஸ் கார்டு?" பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பில்லில் முழு மாடல் எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் பணத்தை எண்ணாமல் திரும்பி வந்துவிடுங்கள்.